ஒலிபெருக்கிக்கு ஓய்வு கொடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

சுதந்திர தினக் கொடியேற்ற விழாக்களுக்கான ஏற்பாடுகள் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மேடை, பந்தல், மிட்டாய், ஒலிபெருக்கி எல்லாம் அதில் இருந்தன. பாடுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாடலைப் பாடித்தான் விடுதலையை வரவேற்றார். 1921-இல் மறைந்துவிட்ட கவிஞர், வராத சுதந்திரத்தை வந்துவிட்டதாகவே எண்ணி எழுதிவைத்த பாட்டு அது. அப்படித் தொடங்கிய நாளை இன்று பென் டிரைவில் அடைத்து, காது கிழியும் சத்தத்தில் ஓடவிட்டு முடித்துக்கொள்கிறோம்.

நான் வித்வான் அல்லன். நாற்பது வயதுக்கு மேல் ஆர்மோனியம் கற்றுக்கொண்டவன். பாடும்போது சுருதி சற்று விலகும் (‘சற்று’ என்பதை என் வீட்டார் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்). சென்ற ஆண்டு எங்கள் தெருக் கொடியேற்றத்தின்போது மின்சாரம் நின்றுவிட, பெட்டியை எடுத்துவந்து அந்தப் பாடலையே வாசித்தேன். இரண்டாவது வரிக்குள் பூ விற்கும் பாட்டி ஒருவர் சேர்ந்துகொண்டார். பள்ளியில் கற்றதாம், ஓர் அடிகூட மறக்கவில்லை. மின்சாரம் திரும்பிய பிறகும் ஒலிபெருக்கியை யாரும் தேடவில்லை. எனவே, ஒவ்வொரு வார்டிலும் கொடியேற்றியதும் உள்ளூர்க்காரர்கள் பாடவும் வாசிக்கவும் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைப் பிரமுகர்களின் உரையிலிருந்து தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

- வாசகர், கும்பகோணம்