கண்ணன் பெயரில் எழுதாதீர்கள், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய உயில் நகலைப் படித்தேன். “மதுரை வீடும், வங்கியிலுள்ள வைப்புத்தொகை முழுவதும் என் மகன் கண்ணனைச் சேரவேண்டியது. அவனை என் மகள் மஞ்சு கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டியது.” இரண்டே வரி. உங்கள் கையெழுத்து இருக்கிறது, இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். உயில் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து கஷ்டப்படப்போவது கண்ணன்தான். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் பலர் இதே இரண்டு வரியைத்தான் எழுதிவைக்கிறார்கள். அதனால் உங்கள் அனுமதியோடு, பெயர்களை மாற்றி, இந்தக் கடிதத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

கண்ணனுக்கு 31 வயது. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவான். எதில் போடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. புரிந்து முடிவெடுக்க இயலாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. வீடு அவன் பெயருக்கு வந்துவிட்டால் மாடியை வாடகைக்கு விட ஒப்பந்தம் போட முடியாது. கூரை ஒழுகினால் பழுதுபார்க்க வங்கிப் பணத்தை எடுக்க முடியாது. விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகவும் வழியில்லை, கிரயப் பத்திரத்தில் அவன் கையெழுத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். சொத்து அவனுடையதுதான், ஆனால் அதிலிருந்து ஒரு மாத்திரைகூட அவனால் வாங்க முடியாது.

“நாங்கள்தானே அவனுக்குக் கார்டியன்” என்று அத்தை சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் அது அவனுக்கு 18 முடிந்த அன்றே முடிந்துவிட்டது. கடந்த 13 வருடமாக அவன் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை எழுத்துப்பூர்வமாக யாரிடமும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் மஞ்சு பெயருக்கே எழுதிவிடலாமா? பெரும்பாலான குடும்பங்கள் அடுத்து இதைத்தான் செய்கின்றன. மஞ்சுவின் மனசில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவள் பெயருக்கு வந்துவிட்டால் அது அவள் சொத்து. கண்ணனுக்கு முன்னால் அவளுக்கு ஏதாவது ஆகி, அவள் உயில் எழுதாமல் இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் கணவரும் பிள்ளைகளும் சம பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். கண்ணனுக்கு அதில் இடமே இல்லை. கணவரின் தொழில் கடனுக்கு அவள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கி இந்த வீட்டையும் ஜப்தி செய்யலாம். “பார்த்துக்கொள்ள வேண்டியது” என்ற வரியை வெறும் விருப்பம் என்றுகூட நீதிமன்றம் படிக்கும். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் எழுதிக்கொடுத்த பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிற 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், எழுதிக்கொடுத்த முதியவரான உங்களைத்தான் காப்பாற்றும், கண்ணனை அல்ல.

இதற்கு வழி தனியார் டிரஸ்ட். அறக்கட்டளை என்றதும் கோயில், பள்ளிக்கூடம், நன்கொடை ரசீது என்று நினைக்காதீர்கள். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி ஒரே ஒரு ஆளின் நலனுக்காகவும் டிரஸ்ட் வைக்கலாம். சொத்து அதை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் பெயரில் இருக்கும், பலன் முழுக்கப் பயனாளிக்கு. டிரஸ்டியின் சொந்தக் கடனுக்காக அந்தச் சொத்தைத் தொட முடியாது, டிரஸ்டி இறந்தாலும் அவர் வாரிசுகளுக்குப் போகாது. மஞ்சுவைப் பற்றிய இரண்டு பயமும் இதில் அடங்கிவிடுகின்றன.

டிரஸ்டை இப்போதே தொடங்குங்கள், ஆனால் சின்னதாக. 25,000 ரூபாய் போட்டுப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, டிரஸ்ட் பெயரில் பான் வாங்கி, வங்கிக் கணக்குத் திறந்துவிடுங்கள். பணம் மட்டும் உள்ள டிரஸ்டுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதியுங்கள், வங்கியில் பேச்சு குறையும். முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதைப் பத்திரம் எழுதுமுன் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வீட்டை இப்போது மாற்ற வேண்டாம். நீங்களும் அத்தையும் வாழும் வீடு உங்கள் கையிலேயே இருக்கட்டும். உயில் வழியாகப் பின்னால் டிரஸ்டுக்குப் போனால் போதும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. இன்றே டிரஸ்டிகளுக்கு மாற்றினால் பதிவுச் செலவும் உண்டு, உரிமையும் போய்விடும்.

பத்திரத்தில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்திரம் எழுதுபவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார், ஏமாந்துவிடாதீர்கள்.

முதலில் டிரஸ்டிகள். மூன்று பேர் வையுங்கள்: நீங்கள், அத்தை, உங்கள் அண்ணன் மகன். சட்டத்தின் பொது விதிப்படி டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் செயல்படவேண்டும். பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஒருவர் துபாயில் இருந்தால் கண்ணனின் மருந்துக்கு எழுதும் காசோலையும் அவருக்காகக் காத்திருக்கும். “மூவரில் இருவர் கையெழுத்துப் போதும்” என்ற வரி கட்டாயம் வேண்டும். வீட்டை விற்பது மாதிரியான பெரிய காரியத்துக்கு மட்டும் மூவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறந்தால், விலகினால், முடியாமல் போனால் அடுத்தவர் யார், அவருக்குப் பின் யார் என்று குறைந்தது இரண்டு அடுக்குக்குப் பெயர் சொல்லிவிடுங்கள். அந்தப் பட்டியலும் தீர்ந்துபோனால் மிச்சமிருக்கும் டிரஸ்டிகளே புதியவரை நியமிக்கலாம் என்றும் எழுதுங்கள். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு, ஆனாலும் பத்திரத்தில் இருப்பது நல்லது.

டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது, பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. உறவுக்காரர் இலவசமாகச் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் போன பிறகு 30 வருடம் கணக்கு எழுதி, வரி கட்டி, பிளம்பரைக் கூப்பிடவேண்டிய வேலை இது. ஒரு நியாயமான தொகை போட்டுவிடுங்கள், ஆண்டுதோறும் உயரும்படி. பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்பதற்கும் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. மியூச்சுவல் ஃபண்டு, வைப்புத்தொகை என்று நீங்கள் அனுமதிப்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வாடகைக்கு விட, பழுதுபார்க்க, விற்க, விற்ற பணத்தில் வேறு வாங்க அதிகாரம் என்பதும் தனித்தனியாக வரவேண்டும்.

“டிரஸ்டிகள் விரும்பியபடி விரும்பியவருக்குச் செலவு செய்யலாம்” என்ற வாசகம் மாதிரிப் பத்திரங்களில் அடிக்கடி வரும். அதை அடித்துவிடுங்கள். பயனாளியும் அவர் பங்கும் தீர்மானமாக இல்லாத டிரஸ்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச வரி விகிதம் பாயும். “பயனாளி கண்ணன் ஒருவனே, வருமானம் முழுவதும் அவனுக்கே” என்று இருந்தால் அவன் தனியாக வரி கட்டுவது போன்ற விகிதம்தான்.

கண்ணனுக்குப் பின் மிச்சமிருப்பது யாருக்கு? இதை எழுத எல்லோருக்கும் தயக்கம், ஆனால் எழுதாமல் விடக்கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: டிரஸ்டியாக இருப்பவருக்கோ அவர் பிள்ளைக்கோ மிச்சம் முழுவதும் போகும்படி வைக்காதீர்கள். கண்ணனுக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் தன் பையிலிருந்து போவதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். நல்ல மனிதர்களையும் அந்த நிலையில் நிறுத்தவேண்டாம்.

எவ்வளவு பணம் போதும் என்று கேட்டிருந்தீர்கள். பராமரிப்பாளர் சம்பளம், சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்து இன்றைக்கு மாதம் 25,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 3 லட்சம். 7 சதவீத வட்டியில் அதற்கே கிட்டத்தட்ட 43 லட்சம் முதல் வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் அதே செலவு 12 வருடத்தில் 50,000 ஆகிவிடும். அதனால் வைப்புத்தொகை வட்டியை மட்டும் நம்பக்கூடாது.

இங்கேதான் உங்கள் ரயில்வே ஓய்வூதியம் கைகொடுக்கும். உங்களுக்குப் பின் அத்தைக்கும், அத்தைக்குப் பின் கண்ணனுக்கும் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கிறது. சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவு குறைபாடு என்ற மருத்துவச் சான்றோடு, அவன் பெயரை உங்கள் பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) இப்போதே ஏற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். பெற்றோர் போன பிறகு இதை நிரூபிக்க உறவினர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நிபந்தனை உண்டு. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, அவனுடைய மற்ற வருமானம் குடும்ப ஓய்வூதியத்தின் சாதாரண விகிதத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அதாவது உங்கள் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதன்மேல் அகவிலைப்படி நிவாரணமும். கடைசிச் சம்பளம் 60,000 என்றால் 18,000, அதோடு நிவாரணம். டிரஸ்டிலிருந்து அவன் கணக்கில் சேரும் வருமானம் இந்த எல்லையைத் தாண்டினால் ஓய்வூதியமே கேள்விக்குள்ளாகலாம். அதனால் ஆடிட்டரிடம் டிரஸ்டைப் பற்றி மட்டும் கேட்காமல், இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து கார்டியன். 1999-ஆம் ஆண்டு தேசிய டிரஸ்ட் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கானது. (மனச்சிதைவு போன்ற மனநோய் இதில் வராது, அதற்குப் பாதை வேறு.) மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் உள்ள உள்ளூர்க் குழு கார்டியனை நியமிக்கும். படிவம் ஏ-யில் விண்ணப்பம், குறைபாட்டுச் சான்று, அடையாளச் சான்றுகள். நீதிமன்றம் போகவேண்டியதில்லை. பெற்றோர் தமக்கு விருப்பமான யாரையும் கார்டியனாக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். நான் சொல்வது மஞ்சுவை. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் கண்ணனின் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் வருடக் கணக்கையும் அவள் தரவேண்டும். இந்தக் கார்டியன் நியமனச் சான்றைக் காட்டினால் கணக்குத் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சில கிளைகளில் தெரியாமல் மறுப்பார்கள், விடாமல் எழுதிக் கேளுங்கள்.

மஞ்சுவை டிரஸ்டியாக நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். டிரஸ்டிகள் தவறினால் கேள்வி கேட்கும் உரிமை பயனாளிக்கு. கண்ணனால் கேட்க முடியாது, அவனுக்காகக் கேட்கவேண்டியவர் கார்டியன். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் கேட்க ஆளே இருக்காது.

இனி உயில். வீடும் பணமும் கண்ணனுக்கு என்பதற்குப் பதில், டிரஸ்டின் பெயரையும் பத்திர எண்ணையும் தேதியையும் சொல்லி, அதன் டிரஸ்டிகளுக்கு என்று எழுதுங்கள். நிறைவேற்றுபவர் ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர். சாட்சிகள் உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருக்கட்டும். உயிலைப் பதிந்தாலும், பின்னால் நிரூபிக்க ஒரு சாட்சியாவது வந்து சொல்லவேண்டும். அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிக் கூடவே வையுங்கள். மதுரை வீட்டுக்குப் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை. சென்னை சொத்துக்குக் கட்டாயமாக்கியிருந்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையும் 2025 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

அத்தைக்கு “வாழ்நாள் அனுபவ உரிமை” என்று எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம், ஆனால் மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்தது முழு உரிமையாக மாறிவிடும் என்று உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் 1977-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி ஆனால் வீடு டிரஸ்டுக்கு வராமல் அத்தையின் வாரிசுகளுக்குப் போகும், ஒரு பங்கு மறுபடி கண்ணன் பெயரிலேயே வந்து நிற்கும். ஆகவே அத்தையும் அதே நாளில் தனி உயில் எழுதட்டும், எல்லாம் அதே டிரஸ்டுக்கு என்று.

நாமினியையும் பாருங்கள். வங்கி வைப்பில் நாமினி பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர்தான். ஆயுள் காப்பீட்டில் அப்படி இல்லை. 2015 திருத்தத்துக்குப் பின், மகள் நாமினி என்றால் பணம் அவளுடையதே என்று வாதிட இடம் இருக்கிறது. பாலிசிகளை எடுத்துவையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைசியாக, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு தாள். அத்தை சொல்லச் சொல்ல மஞ்சு எழுதட்டும். காலை மாத்திரை எது, எத்தனை மில்லிகிராம், வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா. சோற்றில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தால் சாப்பிடமாட்டான், தனிக் கிண்ணத்தில் வைக்கவேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், இழுக்கக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் தானே வருவான். பல் வலித்தால் சொல்லத் தெரியாது, இடது காதைப் பிடித்துக்கொள்வான். அதில் ஒரு நகலை டிரஸ்ட் பத்திரத்தோடும் இன்னொன்றைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கமும் வையுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் தேதி போட்டுத் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்