டிராக்டர் ஓட்டும் பாட்டி

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை.

பேரனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி, கைத்தடி, சாய்வு நாற்காலி: இப்படிப் பாட்டி தாத்தா வரைந்த புத்தகம் மட்டும் வேண்டாம். நீயும் நானும் ஸ்கூட்டரில் சுற்றுகிறோம், படம் வரைகிறவர்கள் கண்ணில் மட்டும் படமாட்டேன் என்கிறோம்!

செலவில்லாமல் ஆரம்பிக்கலாம். ராஜீவ் ஐப் உருவாக்கிய அம்மச்சி, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இருக்கிறார். பேரன் சூரஜோடு தேங்காய் பர்ஃபி செய்ய இறங்கி, கப்பி, நெம்புகோல் என்று வீட்டையே பட்டறையாக்கிவிடுகிறார்.

ஆனால் எனக்குப் பிடித்தவர்கள் ஸ்காட்லாந்துப் பாட்டிகள். மைரி ஹெடர்விக் 1985-இல் வெளியிட்ட 'கேட்டி மோராக்' கதையில் இரண்டு பேர். தீவுப் பாட்டி கால்சட்டை மாட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டுவார், செம்மறி வளர்ப்பார். நகரத்துப் பாட்டியோ எப்போதும் அலங்காரமாக இருப்பார். தீவுப் பாட்டிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. (சம்பந்திச் சண்டை அங்கேயும் உண்டு!) கண்காட்சி நாளில் தீவுப் பாட்டியின் ஆடு சேற்றில் விழுந்துவிடுகிறது. நகரத்துப் பாட்டியின் ஷாம்பு, சுருட்டுக் கருவி எல்லாவற்றையும் எடுத்து ஆட்டை ஜோடித்துவிடுகிறாள் பேத்தி கேட்டி. பரிசும் அதற்கே. அப்புறம் தீவுப் பாட்டி நகரத்துப் பாட்டியைக் குறை சொல்வதை விட்டுவிடுகிறார். இரண்டு பேரில் யாரும் மாறவில்லை, யாரும் உபதேசம் செய்யவில்லை. அதுதான் அழகு.

தாத்தாக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். காரென் ஆக்கர்மன் எழுதி ஸ்டீஃபன் கேமல் வரைந்த 'சாங் அண்ட் டான்ஸ் மேன்', 1989-இல் அமெரிக்காவில் படப் புத்தகங்களுக்குத் தரும் கால்டிகாட் பதக்கம் பெற்றது. ஒரு காலத்தில் மேடையில் ஆடிய தாத்தா, பேரப்பிள்ளைகளைப் பரணுக்குக் கூட்டிப்போய், பழைய நடனக் காலணியை மாட்டிக்கொண்டு ஆடுகிறார். உங்களோடு இருப்பதற்கு ஈடாக எந்தப் பழைய நாளும் வேண்டாம் என்கிறார். சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கும்போது மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். பேரப்பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தாலும் நமக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததே, விஜி. கல்லூரியில் நீ கோப்பையோடு நின்ற டேபிள் டென்னிஸ் போட்டோவை அவனுக்குக் காட்டியிருக்கிறாயா?

பொங்கலுக்கு அங்கே வருகிறோம். செம்மறிக் கதையை நான்தான் படித்துக்காட்டுவேன், நீ முந்திக்கொள்ளாதே.

அன்புடன்,
மீனா