எடைக்குறைப்புப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு மடல்

அலுவலகங்களில் எடைக்குறைப்புப் போட்டி நடத்தும் மனிதவளத் துறை நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுப் போட்டிக்கான அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது. எட்டு வாரம், வாரம் ஒரு முறை எடை பார்த்தல், அதிகம் குறைத்தவருக்குப் பரிசு. மின்னஞ்சல் வந்த நேரம் இரவு 9.40. அப்போது நானும் மடிக்கணினி முன்னால்தான் இருந்தேன் என்பதால் உடனே படித்துவிட்டேன்.

சென்ற முறை இரண்டாம் பரிசு வாங்கியவன் நான். எனவே வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எட்டு வாரத்தில் ஏழு கிலோ குறைத்தேன். எப்படி என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டை விட்டேன். எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய மாலையிலிருந்து தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தேன். முதல் வாரமே இரண்டரைக் கிலோ இறங்கியதும் எல்லோரும் கைதட்டினீர்கள். அதில் பெரும்பகுதி வெறும் நீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. அது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் காலியாவது அதுதான். கொழுப்பு அவ்வளவு எளிதில் இடத்தைக் காலி செய்யாது. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி.

ஐந்து மாதத்தில் ஏழு கிலோவும் திரும்பி வந்தது, வட்டியாக இரண்டு கிலோவைக் கூட்டிக்கொண்டு. அப்போது யாரும் கைதட்டவில்லை.

எனக்குத்தான் மன உறுதி போதாது என்று கொஞ்ச நாள் குமைந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு ஆய்வைப் படித்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்திருக்கிறார்கள். முடிவு 2016இல் வெளியானது. போட்டி முடிந்தபோது அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டில் அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றல், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே இருந்தது. அதாவது போட்டி முடிந்து ஆறு ஆண்டான பிறகும் உடல் சிக்கனம் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த விளையாட்டைத்தான் நாம் சிறிய அளவில், சுவரில் அட்டவணை ஒட்டி, நடத்துகிறோம்.

அந்த அட்டவணை பற்றியும் ஒரு வார்த்தை. என் பக்கத்து இருக்கைத் தோழியின் பெயர் அதில் எட்டு வாரமும் சிவப்பு நிறத்தில் இருந்தது. அவர் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அது எடையைக் கூட்டக்கூடிய மருந்து. அதைப் போய் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? தயவுசெய்து அந்த அட்டவணையைக் கழற்றிவிடுங்கள்.

சரி, உங்கள் நாட்காட்டிக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஏழு வரை நாற்காலி. போகவர இரண்டு மணி நேரம், அதுவும் உட்கார்ந்தபடி. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எல்லோருக்கும் நேரம் இருக்கும் என்று யாரோ கண்டுபிடித்ததால் பாதி நாள் அப்போதுதான் கூட்டம். ஒரு கையில் சாப்பாடு, இன்னொரு கை ஒலிவாங்கியை அணைக்கவும் திறக்கவும். உலகத்தின் மறுபக்கம் விழித்திருக்கும் வாடிக்கையாளருக்காக வாரம் மூன்று இரவு பதினொன்றரை வரை அழைப்பு. முடிந்த உடனே தூக்கம் வருமா? அந்த நேரத்தில் நான் சமையலறையில் டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் அரை மணி நேரம் கைபேசி. அது உங்கள் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நள்ளிரவுப் பசிக்குக் காரணம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள் (2004). பத்து மணி நேரம் படுத்திருந்த இரவுகளோடு ஒப்பிட்டால், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைவு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் அதிகம். 2022இல் வந்த ஆய்வு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், உடல் எடை கூடிய 80 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு நேரத்தோடு தூங்க மட்டும் வழிகாட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தூக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடியது. மற்றவர்களோடு ஒப்பிட, உண்ணும் அளவு நாளுக்குச் சுமார் 270 கலோரி தானாகவே குறைந்தது. நான்கு வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பின் கணக்கு வரும். காகிதக் கணக்குதான், உடல் அப்படியே கேட்காது. ஆனாலும் உங்கள் போட்டியைவிட மலிவு.

நீங்கள் கொடுத்த கைப்பட்டை தினமும் 10,000 அடி கேட்கிறது. அந்த எண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல; 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள், அங்கிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அந்த அரை மணி என் நாளில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், நடந்துவிடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை யாரும் கூட்டம் வைக்க முடியாதபடி நாட்காட்டியைப் பூட்டுங்கள். இரவு அழைப்புகளை முறை வைத்துப் பகிருங்கள். அழைப்பு இருந்த மறுநாள் தாமதமாக வர அனுமதியுங்கள், அனுமதித்ததை மேலாளர்களுக்கும் சொல்லுங்கள். இரவு எட்டுக்கு மேல் அனுப்பும் மின்னஞ்சல் காலையில் போய்ச் சேரட்டும். பரிசுத் தொகையை என்ன செய்வது என்று அப்புறம் யோசிக்கலாம்.

இந்த முறை நான் பெயர் கொடுக்கவில்லை. போட்டி விதிகளை விளக்க வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் என்று அழைப்பு வந்திருக்கிறது. வர இயலாது என்று பதில் போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சென்ற ஆண்டின் இரண்டாம் பரிசுக்காரன்