நோன்புக்கு வருமுன் வாங்கவேண்டிய கம்ப்யூட்டர் சாமான்

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் வள்ளிக்கு,

பிள்ளையார் நோன்புக்கு வந்தால் இரண்டு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கப்போவதாகச் சொன்னாய். இரண்டாம் கட்டு அறையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் உன் ப்ரோகிராம் வேலைக்குத் தாங்குமா என்றும் கேட்டாய். தாங்கும், ஆத்தா. புதுப் பெட்டி வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கப் போகுமுன் இதை ஒரு தடவை படித்துக்கொள்.

உள்ளே இருப்பது ஐ5-4570 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு (எல்லாப் பாகமும் செருகும் பலகை), ஒரே ஒரு 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ப்ராசஸர் 2013-ல் வந்தது, நான்கு கோர். கோடு எழுத இன்றைக்கும் அது போதும். இழுத்துப் பிடிப்பது ஹார்டு டிஸ்க்தான். உன் வேலையில் ஒரு ப்ராஜெக்டைத் திறந்தாலே ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களைப் படிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் டிஸ்கின் தலை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். அதில் விநாடிக்கு நூறு தடவை சொச்சம்தான் நடக்கும். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லாததால் அதே வேலை பல்லாயிரம் தடவை நடக்கும். அதனால் முதல் செலவு இதற்குத்தான்: ஹார்டு டிஸ்க் போலவே கேபிளில் செருகும் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி. கடையில் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகையை வாங்கச் சொல்வார்கள். நம் போர்டில் அதற்கு ஸ்லாட் இல்லை. அடாப்டர் கார்டு போட்டுச் செருகினாலும், அந்தக் காலத்து பயாஸ் (மெஷினைக் கிளப்பிவிடும் போர்டு ப்ரோகிராம்) பெரும்பாலும் அதிலிருந்து பூட் செய்யாது. இன்னொன்று, எச்81-ல் 6 ஜிபிபிஎஸ் சாட்டா போர்ட் இரண்டுதான், மற்றவை 3 ஜிபிபிஎஸ். போர்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வேகமானதில் செருகு.

ராமில்தான் ஏமாறுவார்கள், கவனம். போர்டில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். ஒரே கம்பெனி 8 ஜிபி டிடிஆர்3-1600 இரண்டு வாங்கு. இரண்டாகப் போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும் டூயல் சேனல் வேகமும் கிடைக்கும். லேப்டாப் ராம் குட்டையாக 204 பின்னோடு இருக்கும், நமக்கு வேண்டியது 240 பின். டிடிஆர்4-க்கு வெட்டுப்பள்ளமே வேறு இடத்தில், உள்ளே இறங்காது. ரொம்ப மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 கிடைத்தால் சந்தேகப்படு. ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் ராமும், சர்வரில் கழற்றிய ராமும் அப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. இரண்டும் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் மெஷின் எழும்பாது. "இன்டெல் எச்81-ல் ஓடாவிட்டால் மாற்றித்தருவீர்களா" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கு.

ஐ7-4770 பழையது வாங்கிப் போடலாமா என்று தோன்றும். அதே சாக்கெட், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை), கோடை ப்ரோகிராமாக மாற்றும் கம்பைல் கொஞ்சம் சீக்கிரம் முடியும். என் கணக்கில் அந்தக் காசு வீண். எஸ்எஸ்டி, ராம் போட்டபிறகு ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எச்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கம்பைல் ஓட்டிப் பார். நான்கு கோரும் கடைசிவரை நூறு சதவீதத்திலேயே நின்றால் மட்டும் ப்ராசஸரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் போர்டையே மாற்றுவதுதான் சரி. ரைஸன் 5600ஜி, பி550 போர்டு, டிடிஆர்4 என்று போனால் இதே எஸ்எஸ்டி அதிலும் ஓடும். 'ஜி' இல்லாத 5600-ஐ வாங்கிவிடாதே. அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, மானிட்டர் இருட்டாகவே இருக்கும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, நம்முடையது நான்காவது. லினக்ஸ் மின்ட் போட்டுவிடு, உன் வேலைக்கும் அதுதான் தோது. பழைய டிஸ்கை அப்படியே க்ளோன் (முழு நகல்) செய்யாமல் புதிதாக இன்ஸ்டால் செய். அந்த நேரத்தில் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வை. இல்லாவிட்டால் லினக்ஸைக் கிளப்பிவிடும் பூட்லோடர் அதில் போய் உட்காரும், பிறகு அந்த டிஸ்கை எடுத்தால் மெஷின் கிளம்பாது. வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தால் நம் செம்மண் தூசி ஃபேனில் அப்பிக்கொண்டிருக்கும். வளவு (நடு முற்றம்) பக்கம் திறந்த வீட்டில் அது தவிர்க்கமுடியாதது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள். ப்ராசஸர் கூலரைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வை. நான்கு பின்னையும் குறுக்காகக் குறுக்காக அழுத்து. ஒரு பின் சரியாக இறங்காவிட்டாலும் சூடேறி வேகம் தானே குறைந்துவிடும், சித்திரையில் சொல்லவே வேண்டாம். போர்டின் கடிகாரத்துக்கு சிஆர்2032 செல் ஒன்றும் வாங்கி வா. பழையது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். அப்புறம் கோடு சேமிக்கும் 'கிட்' (Git) கருவியும் பேக்கேஜ் டவுன்லோடும் சர்டிஃபிகேட் தப்பு என்று அடம்பிடிக்கும், காரணம் லேசில் புரியாது.

அந்த அறை பிளக்கில் எர்த் இல்லை. அதனால்தான் கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்கிறது. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் உள்ள ஃபில்டர் எர்த் பின்னோடு சேர்ந்தது. எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் பாதி கேபினெட்டில் ஏறி நிற்கும். கரண்ட் கொஞ்சம்தான், ஆனாலும் கேபிள் செருகும்போது போர்ட்டைக் கெடுக்கும். நீ வருமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்து வைக்கிறேன். உள்ளே கை வைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருப்பதை வடியவிடு.

ராம் போட்டு டிஸ்ப்ளே வராவிட்டால் பயப்படாதே. கழற்றி, தங்க முனைகளை ரப்பரால் தேய்த்து, க்ளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்து. பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ப்ரோகிராம் ஒரு ராத்திரி ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமைத் திருப்பிக்கொடு. ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே வாங்கி, அங்கே யாராவது சிநேகிதியின் டிடிஆர்3 மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டால் மாற்ற நாள் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பச்சி