மோதிரம் பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய நிச்சயதார்த்த மோதிரப் படத்தைப் பட்டறையில் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டதோடு சரி, அதன்பின் நீ ஒன்றும் எழுதவில்லை. கேட்டதற்காவது முழுமையாக விடை சொல்லிவிடுகிறேன்.

நீ பார்த்திருக்கும் பிளாட்டினத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கு 95 பங்கு தூய்மையோடு வருவது, நிறம் மாறாதது, கீறல் பட்டாலும் பொருள் உதிராமல் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்வது. ஆனால் தங்கம் 1,064 பாகை செல்சியஸில் உருகும். பிளாட்டினத்துக்கோ 1,768 பாகை வேண்டும். பின்னாளில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நேர்ந்தால், அதற்கான கருவி உள்ளவர்களைத் தேடித்தான் போக வேண்டும். மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதியில் உள்ள எல்லாப் பட்டறைகளிலும் அந்த வேலை நடந்துவிடாது. வெள்ளைத் தங்கம் என்றால் அதன் வெண்மை மேலே பூசிய ரோடியம் என்னும் வெள்ளை உலோகத்தால் வருவது. அன்றாடம் அணிந்தால் பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப்பார்க்கும், மீண்டும் பூச வேண்டும்.

என் எண்ணம் 18 கேரட் மஞ்சள் தங்கம். நூற்றுக்கு 75 பங்கு தங்கம் போக, மீதி செம்பும் வெள்ளியும் சேர்வதால் கல்லைப் பிடிக்கும் உறுதி அதற்கு உண்டு. "நிச்சயதார்த்தத்துக்கு 916 இல்லாமலா?" என்று 22 கேரட்டைச் சொல்லி உன் பெரியம்மா கேட்பார்கள். சங்கிலியும் தாலியும் 22 கேரட்டில் இருக்கட்டும். வைரம் பதிக்கும் மோதிரத்துக்கு அது மிகவும் மென்மை.

உலோகத்தைவிட எனக்குப் பெரிய கவலை, கல் கட்டியிருக்கும் விதம். ஆறு மெல்லிய கால்களில் கல்லை உயரத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். படத்துக்கு அது அழகுதான். ஆனால் நீ கட்டிக்கொள்ளப்போகும் பிள்ளை நர்ஸ் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் கையுறை போட்டுக் கழற்றுகிறாள், நோயாளியின் போர்வையை இழுத்து விரிக்கிறாள். உயர்ந்த கால் கையுறையைக் கிழிக்கும், நூலில் மாட்டும். ஒரு கால் நிமிர்ந்தாலும் கல் ஆடத் தொடங்கும், ஆடுவது விரலுக்குத் தெரியாது. உன் அக்காவின் மோதிரம் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். கல்லின் இடுப்பைச் சுற்றித் தகடு கட்டி, தாழ்வாக உட்காரவைத்தால் இந்தத் தொல்லை இராது. ஒளி குறையுமே என்று அஞ்ச வேண்டாம்; நன்றாகப் பட்டை தீட்டிய வைரம் மேலே விழும் ஒளியை மேலேயே திருப்பித் தருவது. அடியில் மட்டும் திறப்பு விட வேண்டும், சோப்பு அழுக்கைக் கழுவி எடுப்பதற்கு. மறுபடியும் சொல்கிறேன், உயர்ந்த கால் வேண்டாம்.

பள்ளி விடுமுறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி இழுத்தவன் நீ. கம்பி இழுக்கும் தகட்டின் எந்தத் துளையில் இழுத்த கம்பி என்று விரலால் தொட்டே சொல்வாய். அதை இன்றும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்லுக்குச் சான்றிதழ் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று முன்பே எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. அந்தக் கல்லைப் பிடித்து நிற்கும் உலோகம் யார் கையில் உருவாகிறது என்று நீ விசாரித்ததாகத் தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை அதைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளையின் விரல் அளவை உன் அம்மா அவளுடைய சித்தி மூலம் வாங்கிவிட்டாள். நம் ஊர் அளவில் 12. காலையில் எடுத்ததாம். விரல் மாலையில் சற்றுத் தடிக்கும், மாலையில் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கல்லை மட்டும் வாங்கிக் கையோடு கொண்டுவர முடியுமானால், தைக்கு முன் பத்து நாள் எனக்குப் போதும். வழக்கமாக நான் வேலை செய்துதரும் கடையின் பதிவிலேயே ஹால்மார்க் முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் போட்டு வாங்கிவிடலாம். நீ மோதிரம் பார்த்த கடையில் முன்பணம் கட்டிவிட்டாயா, இல்லையா என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா