படத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆதம்பாக்கம் தெருக்காரர்களுக்கு, வணக்கம்.

2017 ஜூனில் நம் தெருவில் 14 மரக்கன்றுகள் நட்ட அன்று எடுத்த படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. 22 பேர் வரிசையாக நிற்கிறோம். மண்வெட்டி இரண்டுதான், அதைப் பிடித்துக்கொள்ளத்தான் போட்டி. இன்று 12 மரங்கள் நிற்கின்றன. அவற்றை ஆளாக்கியவர்களில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. இந்த மடல் அவர்களுக்கு.

வர்தா புயல் வந்த 2016 டிசம்பர் 12 யாருக்கும் மறந்திருக்காது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் நம் தெருவின் மயில்கொன்றைகளும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் அந்த வேர்களைப் பார்த்தேன். ஒரு பக்கம் தார், மறுபக்கம் சிமெண்ட் நடைபாதை, அடிமரத்தைச் சுற்றிக் கழுத்துப்பட்டை மாதிரி காங்கிரீட். பரவ இடமில்லாத வேர் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அத்தனை வருஷம் விழாமல் நின்றதே பெரிது.

அதைக் கண்ணால் பார்த்த பிறகும் நாங்கள் ஓரடிக்குக் குழி தோண்டிக் கன்று நட்டோம். செப்டம்பருக்குள் 5 கன்றுகள் காய்ந்தன. அப்போதுதான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர், கைத்தடியோடு வந்து, காய்ந்த கன்று ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். கன்று வந்த கறுப்புப் பையின் உருவம் வேரில் அப்படியே இருந்தது. "வேர் பையை விட்டே வெளிய வரலையேப்பா, உள்ளயே சுத்திட்டு இருக்கு பாரு." மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் தோண்டச் சொன்னார். குழிக்குள் பாதி, யாரோ வீடு கட்டியபோது புதைத்த உடைந்த செங்கல்! அதை அள்ளிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து போட்டோம். காய்ந்தவற்றுக்குப் பதிலாக வந்த புதுக் கன்றுகளின் சுற்றிய வேரைப் பிளேடால் கீறிவிட்டு அக்டோபர் மழை தொடங்கியதும் நட வைத்தார். மின்கம்பிக்கு நேர் கீழே நாங்கள் வைத்திருந்த நீர்மருதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அது பூங்காவுக்குப் போனது. அந்த இடத்துக்கு மந்தாரை வந்தது. டீச்சர், அன்று உங்களோடு வாதாடியதற்கு மன்னிப்பும் சேர்த்து, நன்றி.

2019 கோடைதான் உண்மையான சோதனை. ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்கள். "மனுஷனுக்கே இல்ல, மரத்துக்கு எங்க போறது" என்று கைவிட்டவர்களில் நானும் ஒருவன். தெருமுனையில் பூ விற்கும் அம்மா கைவிடவில்லை. பூவுக்குத் தெளித்து மிஞ்சிய வாளித் தண்ணீர் தினமும் சாயங்காலம் மகிழங்கன்றுக்குத்தான். நாள் தவறியதே இல்லை. கேட்டால், "அது என்ன வாயத் தொறந்து கேக்குமா?" என்பார்.

அடுக்குமாடிக் காவலாளி அண்ணன், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்தார். இருபது லிட்டர் கேனின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டுக் கன்றருகே வைத்துவிடுவார். மணிக்கணக்காகச் சொட்டி ஆழத்துக்கு இறங்கும். வாளியால் கொட்டினால் மேல் மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே நிற்கும் என்பது அவர் கணக்கு. நான் என் புத்திசாலித்தனத்தில் ஆர்.ஓ. எந்திரம் கழிக்கும் தண்ணீரை ஒரு புங்கங்கன்றுக்கு ஊற்றினேன். உப்பு ஏறி இலை ஓரமெல்லாம் கருகியது. அதையும் அவரேதான் காப்பாற்றினார். தண்ணீர் லாரி ஓட்டுநர் தம்பி, குழாயைச் சுருட்டுமுன் அதில் நின்ற தண்ணீரைத் தரையில் விடாமல் ஒவ்வொரு பாத்தியாக வடித்துவிட்டுப் போவார். அந்தக் கோடையில் ஒரே ஒரு வேம்புதான் போயிற்று.

மரம் வளர்ந்த பிறகு வரும் தொல்லைகள் வேறு. ஐந்தாம் வருஷம், கன்றுக்குக் காவலாக வைத்த இரும்புக் கூண்டு பட்டைக்குள் பதியத் தொடங்கியது. வெல்டிங் கடைக்காரர் வெட்டியெடுத்தார், காசு வாங்கவில்லை. டியூஷன் விளம்பரத் தகடு மாட்ட அடித்த ஆணிகளைப் பிடுங்கியவர்கள் அதே டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் என்பது தனிக்கதை.

மின்வாரிய ஊழியர் ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பி பக்கம் மட்டும் மொட்டையடித்தால் மரம் மறுபக்கம் கனத்துச் சாயும் என்று தெரிந்து, இரண்டு பக்கமும் பார்த்து வெட்டினார். கிளையின் அடிப்பக்கம் முதலில் அரைகுறையாக அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தார். பட்டை உரியவே இல்லை. கிளை தொடங்கும் இடத்தில் உள்ள தடிப்பைத் தொடாமல் விட்டதால் அந்தக் காயங்கள் இன்று மூடிவிட்டன.

2022-இல் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்தார்கள். முதல் நாளே ஒரு பெருங்கொன்றையின் சாலைப்பக்க வேர் மொத்தமும் போனது. கேட்டபோது கிடைத்த பதிலை இங்கே எழுத வேண்டாம். மறுநாள் வேறு ஜேசிபி ஓட்டுநர் வந்தார். புங்கை அருகே வந்ததும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, "இங்க கையால தோண்டுங்கப்பா" என்று ஆட்களை இறக்கினார். வேர்களைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டினார்கள், அரை நாள் வேலை கூடுதல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை தேங்கி மண் குழைந்தபோது அந்தப் பெருங்கொன்றை சாய்ந்தது. புங்கை முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றது. அண்ணே, உங்கள் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

பூக்காரம்மா இப்போது மகள் வீட்டோடு தாம்பரம் பக்கம் போய்விட்டார். அவர் உட்காரும் கல் அங்கேயே இருக்கிறது. "தண்ணி மட்டும் குடிக்குது, ஒரு பூ குடுத்துச்சா?" என்று அந்த மகிழமரத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார். இந்த வருஷம் பூத்திருக்கிறது. காலையில் தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிக் காயவைத்து, தாளில் மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது என் வீட்டில் வந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

நன்றியுடன்,
படத்தில் மண்வெட்டியோடு நிற்பவன்