துறைப்பாலத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும் தலைக்கட்டுதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மாசி மகத் தீர்த்தவாரிக்கு அம்மன் இறங்கும் முகத்துவாரத் துறைப்பாலத்தின் வேலை முடிந்தது. நாலு கால் மாற்றினால் போதும் என்றுதான் ஆரம்பித்தோம். வெளியே பார்க்க எல்லாக் கால்களும் திடமாகவே இருந்தன. குண்டூசித் தலை அளவில் அங்கங்கே துளைகள், அவ்வளவுதான். முதல் காலைப் பிடுங்கி அறுத்ததும் ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே மரமே இல்லை. விரல் பருமனில் சுரங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. ஒன்றிலிருந்து சாண் நீளத்துக்கு வழவழவென்று ஒன்றை இழுத்து எடுத்தார். தலைப்பக்கம் இரண்டு சின்ன ஓடுகள், அரம் மாதிரி வரிவரியாக. கப்பல் புழு என்று சொன்னாலும் அது மட்டி இனம். அந்த ஓட்டால் மரத்தைச் சுரண்டித் தின்கிறது. குஞ்சாக இருக்கும்போது நீந்தி வந்து மரத்தில் ஒட்டுவதோடு சரி, பிறகு ஆயுசுக்கும் வெளியே வராது.

நன்னீர் வாரக்கணக்கில் நின்றால் அது பிழைக்காது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம்தான் இத்தனை காலம் பாலத்தைக் காத்தது. மழை பொய்த்த வருடங்களில் முகத்துவாரம் உப்பாகவே கிடந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியிலும் 1919 முதல் 1921 வரை இதே கதைதான். துறைமேடைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. போன தடவை தார் பூசிய கால்களில் குறுக்குச் சட்டத்துக்குக் காடி வெட்டினோம், வெட்டிய இடத்தில் மறுபடி பூசவில்லை. "தண்ணிக்குள்ள யார் பார்க்கப் போறா" என்று சொன்னவர் இந்த அறிக்கையை எழுதுபவர்தான்.

18 கால்களில் 11 இப்போது கான்கிரீட். தட்டிப் பார்த்துத் தேறிய 7 மரக்கால்களுக்குச் சேற்றுக்குள்ளிருந்து ஓத மட்டத்துக்கு மேல் வரை கனத்த பிளாஸ்டிக் உறை சுற்றி இறுக்கியிருக்கிறோம். உள்ளே நீரோட்டம் இல்லாமல் போனால் மிச்சம் இருப்பதும் மூச்சுமுட்டிச் சாகும். மேல்தளம் பழையபடி பலகைதான்.

கான்கிரீட்டால் செலவு மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது. வரவு செலவு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வரி பாக்கி வைத்திருப்பவர்கள் பங்குனிக்குள் கட்டிவிட வேண்டும்.

பிடுங்கிய கால்களைக் கரையேற்றிக் காயப் போட்டாயிற்று. துறைக்குக் கிழக்கே உளுத்த வள்ளம் ஒன்று இன்னும் தண்ணீரில் கிடக்கிறது. புதுக் குஞ்சுகள் அதிலிருந்துதான் வரும். உரியவர் இந்த வாரத்துக்குள் இழுத்துப் போடட்டும். ஆள் வேண்டுமென்றால் குழு அனுப்பும்.